புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ரோபோ அறுவை சிகிச்சை: கத்தியைப் பிடிப்பது யார்?

ரத்தக் கொதிப்பு, நீரிழிவு என்றால் நம் ஆண்கள் காப்பிக் கடையில் உட்கார்ந்துகூடப் பேசிக்கொள்வார்கள். எந்த மருத்துவர் நல்லவர், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆளுக்கு ஆள் கதை சொல்வார்கள். ஆனால் இடுப்புக்குக் கீழே ஏதாவது தொல்லை என்றால் பேச்சு நின்றுவிடும். இரவில் நான்கைந்து முறை கழிவறைக்கு எழுந்து போவது மனைவிக்கு மட்டுமே தெரிந்திருக்கும். அவரும் வெளியில் சொல்லமாட்டார்.

62 வயதான ஒருவரை எண்ணிப் பாருங்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் 'பிஎஸ்ஏ' அளவு கூடியிருக்கிறது. ஸ்கேன் எடுக்கிறார்கள், பிறகு ஊசி வழியாகத் திசுவை எடுத்துச் சோதிக்கிறார்கள். முடிவு வருகிறது: புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். நல்ல வேளையாகச் சுரப்பிக்கு வெளியே பரவவில்லை. "அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடலாம். ரோபோ மூலமாகவும் செய்யலாம்" என்கிறார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு கருத்து. ரோபோ செய்தால் வலியே இருக்காதாம், மறுநாளே வேலைக்குப் போய்விடலாமாம் என்கிறார் மைத்துனர். நடுவில் இயந்திரம் பழுதானால் என்ன ஆகும் என்று அஞ்சுகிறார் அக்காள். இணையத்தில் தேடிய மகன் பத்துப் பக்கங்களை அச்சிட்டுக் கொண்டுவருகிறார். நோயாளியின் மனத்தில் இருக்கும் கேள்வி இவை எதுவுமல்ல. சிறுநீரை அடக்க முடியாமல் போய்விடுமா, மனைவியோடு முன்போல் இருக்க முடியுமா என்பதுதான் அது. அதைத்தான் அவர் யாரிடமும் கேட்பதில்லை.

ரோபோ அறுவை சிகிச்சையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், கேட்கப்படாத அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சிறிய சுரப்பி, சிக்கலான இடம்

புரோஸ்டேட் சுரப்பி ஆண்களுக்கு மட்டுமே உள்ளது. தோல் உரிக்காத பாக்கு அளவில், சிறுநீர்ப் பைக்கு நேர் கீழே, மலக்குடலுக்கு முன்னால் அமைந்துள்ளது. விந்துடன் கலக்கும் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பதே அதன் வேலை. சிறுநீர்க் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே துளைத்துக்கொண்டு செல்கிறது. சிறுநீரை அடக்கி வைக்கும் தசை வளையம் சுரப்பியின் அடிமுனையை ஒட்டியிருக்கிறது. ஆண் உறுப்பு விறைப்படையக் காரணமான நரம்புகள் சுரப்பியின் இரு பக்கமும் மெல்லிய படலம் போல ஒட்டிச் செல்கின்றன.

வயதாக ஆக இந்தச் சுரப்பி பெரிதாவது இயற்கை. அடிக்கடி சிறுநீர் வருவதும், முக்கி முக்கிக் கழிக்க வேண்டியிருப்பதும் பெரும்பாலும் இந்த வீக்கத்தால்தான். அது புற்றுநோய் அன்று. மாறாக, தொடக்க நிலைப் புற்றுநோய் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. தொல்லை இல்லாததால் நோயும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்ல வேண்டியுள்ளது. நோய் எலும்புக்குப் பரவி, இடுப்பு வலி முதுகு வலி என்று மருத்துவமனைக்கு வருவோர் மலேசியாவில் இன்னமும் அதிகம். அந்த நிலையில் சுரப்பியை அறுத்து எடுப்பது முதன்மைச் சிகிச்சை ஆகாது. ரோபோ வந்தாலும் அதுதான் நிலை.

பிஎஸ்ஏ என்பது இந்தச் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். புற்றுநோய் வந்தால் ரத்தத்தில் அதன் அளவு கூடும். ஆனால் சுரப்பி வீங்கினாலும் கிருமி தொற்றினாலும்கூடக் கூடும். ஆகவே எண் கூடியதாலேயே புற்றுநோய் என்று ஆகிவிடாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீக்கத்தைக் குறைக்கவும் முடி கொட்டுவதைத் தடுக்கவும் தரப்படும் 'ஃபினாஸ்டிரைடு' மாத்திரை, பிஎஸ்ஏ அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். அதைச் சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

லைடன் நகரில் கிடைத்த விடை

புரோஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுவதும் அறுத்தெடுக்கும் முறை ரோபோவோடு வந்ததன்று. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் என்ற மருத்துவர் 1904ஆம் ஆண்டிலேயே அதைச் செய்தார். ஆயினும் பல பத்தாண்டுகளுக்கு அந்தச் சிகிச்சையைக் கண்டு நோயாளிகள் ஓடினார்கள். ரத்தம் ஏராளமாகப் போகும். உயிர் பிழைத்தாலும் ஆண்மை போய்விடும். பலருக்குச் சிறுநீரும் அடங்காது. விறைப்புக்கான நரம்புகள் சுரப்பிக்கு உள்ளேயே ஓடுகின்றன, ஆகையால் சுரப்பியை எடுத்தால் நரம்பும் போகத்தான் செய்யும் என்றே மருத்துவ உலகம் நம்பி வந்தது.

அந்த நம்பிக்கை 1981ல் தகர்ந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் சிறுநீரகத் துறை நிபுணர் பேட்ரிக் வால்ஷ், நெதர்லாந்தின் லைடன் நகருக்குச் சென்றிருந்தார். அங்கே ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கர், இறந்து பிறந்த ஆண் குழந்தையின் உடலில் இடுப்புப் பகுதி நரம்புகளைப் பிரித்து ஆராய்ந்துகொண்டிருந்தார். முதிர்ந்த உடலில் கொழுப்பும் திசுவும் மறைத்துவிடும் நரம்புகள், சிசுவின் உடலில் தெளிவாகத் தெரிந்தன. இருவரும் சேர்ந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. நரம்புகள் சுரப்பிக்கு உள்ளே இல்லை. அதன் உறைக்கு வெளியே, பக்கவாட்டில் ஓடின. அப்படியானால் அவற்றை விலக்கி வைத்துவிட்டுச் சுரப்பியை மட்டும் எடுக்கலாம் அல்லவா!

1982 ஏப்ரல் மாதம் வால்ஷ் அவ்வாறு நரம்புகளைக் காப்பாற்றி முதல் அறுவை சிகிச்சையைச் செய்தார். நோயாளிக்கு வயது 52. அவருக்கு ஆண்மை திரும்பியது.

ரோபோ பற்றிய கட்டுரையில் இந்தப் பழைய கதை எதற்கு என்று தோன்றலாம். இன்று ரோபோ செய்வதாக விளம்பரங்கள் பெருமையுடன் சொல்லும் 'நரம்பைக் காக்கும் அறுவை', எந்த ரோபோவும் இல்லாத காலத்தில் மனிதக் கண்ணும் கையும் கண்டுபிடித்தது. ரோபோ அந்த வேலையை இன்னும் வசதியாகச் செய்ய உதவும் கருவி.

இதயத்திற்காக வந்தது

போர்க்களத்தில் காயம்பட்ட வீரருக்குத் தொலைவிலிருந்தே அறுவை சிகிச்சை செய்ய முடியுமா என்ற அமெரிக்க ராணுவத்தின் யோசனைதான் இன்றைய ரோபோவுக்கு ஒரு தொடக்கம். அந்த ஆராய்ச்சியின் வழியாக, 1995ல் தொடங்கப்பட்ட 'இன்ட்யூட்டிவ் சர்ஜிக்கல்' நிறுவனம் 'டா வின்சி' என்ற இயந்திரத்தை உருவாக்கியது. ஓவியரும் அறிவியலாளருமான லியோனார்டோ டா வின்சியின் பெயர்தான் அது. 2000ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாக அமைப்பு அதற்கு அனுமதி வழங்கியது.

வேடிக்கை என்னவென்றால், இயந்திரத்தை உருவாக்கியவர்கள் இதய அறுவை சிகிச்சையைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள். ஆனால் அதைக் கையில் எடுத்து உலகெங்கும் பரப்பியவர்கள் சிறுநீரகத் துறை மருத்துவர்களே. 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் முதன்முதலாக ரோபோ உதவியுடன் புரோஸ்டேட் சுரப்பி அகற்றப்பட்டது. அதைப் பெரிய அளவில், ஒழுங்கான முறையாக வளர்த்தவர் டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையைச் சேர்ந்த மணி மேனன். கேரளத்தில் பிறந்து, புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் படித்தவர் அவர். சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் 2003லும் கோலாலம்பூர் மருத்துவமனையில் 2004லும் ரோபோ வழி புரோஸ்டேட் அறுவை சிகிச்சை தொடங்கியது. இன்று டா வின்சிக்குப் போட்டியாக வேறு நிறுவனங்களின் இயந்திரங்களும் சந்தைக்கு வந்துவிட்டன.

அறுவைக் கூடத்தில் நடப்பது என்ன?

ரோபோ என்றதும் திரைப்படத்தில் வரும் எந்திர மனிதன் கையில் கத்தியோடு நடந்து வருவதாக எண்ணிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. இந்த ரோபோ தானாக ஓர் அங்குலம்கூட வெட்டாது.

நோயாளிக்கு முழு மயக்க மருந்து கொடுக்கப்படும். தொப்புளைச் சுற்றி ஐந்து அல்லது ஆறு சிறு துளைகள் இடப்படும். பெரும்பாலானவை ஒரு சென்டிமீட்டர் அளவு அல்லது அதற்கும் குறைவானவை. வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி, உள்ளே இடம் உண்டாக்குவார்கள். குடல் விலகி நிற்பதற்காக மேசையின் தலைப்பக்கம் கீழே சாய்க்கப்படும். பிறகு ரோபோவின் நான்கு கைகளும் துளைகளில் உள்ள குழாய்களோடு பொருத்தப்படும். ஒரு கையில் ஒளிப்படக் கருவி. மற்றவற்றில் கத்தரிக்கோல், இடுக்கி, ஊசியைப் பிடிக்கும் கருவி முதலியவை.

அறுவை சிகிச்சை நிபுணர் அதே அறையில், சில மீட்டர் தள்ளி, ஒரு மேசையின் முன் உட்கார்ந்திருப்பார். இரு கண்களையும் பார்வைத் துளையில் பொருத்திப் பார்த்தால், நோயாளியின் வயிற்றின் உட்பகுதி பத்து மடங்கு வரை பெரிதாக, முப்பரிமாணத்தில் தெரியும். விரல்களால் அவர் இரண்டு பிடிகளை அசைக்க அசைக்க, உள்ளே கருவிகளும் அதேபோல் அசையும். அவர் தலையை எடுத்துவிட்டால் கைகள் அப்படியே நின்றுவிடும். நோயாளியின் அருகே இன்னொரு மருத்துவரும் தாதியரும் எப்போதும் இருப்பார்கள். கருவிகளை மாற்றுவதும் ரத்தத்தை உறிஞ்சி எடுப்பதும் அவர்கள் வேலை. இயந்திரம் கோளாறு செய்தால் கைகளை அகற்றிவிட்டு, துளை வழியாகவோ வயிற்றைத் திறந்தோ வழக்கமான முறையில் சிகிச்சையைத் தொடர்வார்கள். அக்காளின் அச்சத்துக்கு இதுதான் பதில்.

இந்தக் கருவியின் உண்மையான பலம் அதன் மணிக்கட்டில் இருக்கிறது. இதற்கு முன்பிருந்த துளைவழி அறுவையில் நீண்ட கம்பி போன்ற கருவிகளைப் பயன்படுத்தினார்கள். சாப்பாட்டுக் குச்சியை ஒரு துவாரத்துக்குள் விட்டு ஊசி கோப்பதைப் போன்றது அது. ரோபோவின் கருவி முனையோ மனித மணிக்கட்டைப் போல எல்லாப் பக்கமும் வளையும், சுழலும். கை நடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடும். நிபுணர் கையை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால், உள்ளே சில மில்லிமீட்டர் மட்டும் நகரும்படி அமைத்துக்கொள்ளலாம். இடுப்பெலும்புக்குள் புதைந்திருக்கும் புரோஸ்டேட் சுரப்பிக்கு இது பெரிய வசதி. குறிப்பாக, சுரப்பியை எடுத்தபின் சிறுநீர்ப் பையையும் சிறுநீர்க் குழாயையும் மறுபடி சேர்த்துத் தைக்க வேண்டும். அந்தக் குறுகிய பள்ளத்தில் சுற்றி வளைத்துத் தைப்பதில்தான் மணிக்கட்டின் அருமை தெரியும்.

குறையும் உண்டு. தொட்டுப் பார்க்கும் உணர்வு பெரும்பாலான இயந்திரங்களில் இல்லை. திசு கெட்டியாக இருக்கிறதா, இழுத்தால் கிழியுமா என்பதையெல்லாம் கண்ணால் பார்த்தே நிபுணர் ஊகிக்க வேண்டும். 2024ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதிய டா வின்சி மாதிரியில்தான் அழுத்தத்தை விரலுக்கு உணர்த்தும் வசதி வந்தது.

அகற்றிய சுரப்பியை ஒரு சிறு பையில் போட்டு, தொப்புள் அருகே உள்ள துளையைச் சற்றுப் பெரிதாக்கி வெளியே எடுப்பார்கள். எல்லாம் முடிய இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகலாம். தலைகீழாகச் சாய்த்துவைப்பதால் கண் அழுத்த நோய், கடுமையான இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. நாட்டு மருந்து சாப்பிடுவதையும் சொல்லிவிடுவது நல்லது. சொன்னால் திட்டுவார்கள் என்று மறைப்பவர்கள்தான் அதிகம்.

ரோபோ உண்மையிலேயே மேலானதா?

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 326 ஆண்களிடம் இதை முறையாகச் சோதித்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போல ஒரு பாதிப் பேருக்கு வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, மறு பாதிக்கு ரோபோ அறுவை என்று பிரிக்கப்பட்டது. 2016ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முதல் முடிவுகள் வெளியாயின.

ரத்த இழப்பில் பெரிய வேறுபாடு தெரிந்தது. திறந்த அறுவையில் சராசரியாக 1,338 மில்லிலிட்டர் ரத்தம் போனது. ரோபோ அறுவையில் 443 மில்லிலிட்டர்தான். மருத்துவமனையில் தங்கிய நாள்களும் பாதியாகக் குறைந்தன. தொடக்க நாள்களில் வலியும் குறைவாக இருந்தது. ஆனால் 12 வாரம் கழித்துச் சிறுநீரை அடக்கும் திறனையும் தாம்பத்திய வாழ்க்கையையும் அளந்து பார்த்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அதே கதைதான்.

இந்த ஆய்வில் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. திறந்த அறுவையைச் செய்தவர் 1,500க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைச் செய்த அனுபவசாலி. ரோபோ நிபுணரோ சுமார் 200 தான் செய்திருந்தார். அனுபவம் குறைந்தவரைக் கருவி கைதூக்கிவிட்டது என்று ரோபோவை விரும்புவோர் சொல்லலாம். கைதேர்ந்தவருக்கு ரோபோ இல்லாமலும் அதே பலன் கிடைத்தது என்று மற்றவர்கள் சொல்லலாம். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

அனுபவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2007ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வே சான்று. அதில் பார்க்கப்பட்டவை எல்லாம் திறந்த அறுவைகள். பத்து அறுவை செய்த அனுபவமுள்ளவரிடம் சென்ற நோயாளிகளில், ஐந்தாண்டுக்குள் பிஎஸ்ஏ மீண்டும் ஏறி நோய் திரும்பிய அடையாளம் காட்டும் வாய்ப்பு 17.9 விழுக்காடு. 250 அறுவை செய்தவரிடம் சென்றவர்களுக்கு அது 10.7 விழுக்காடு. ஒரே நோய், ஒரே முறை. மாறியது கை மட்டுமே.

புதியது என்பதாலேயே ஒன்றை மேலானது என்று கொள்வதில் ஆபத்தும் உண்டு. பெண்களுக்கு வரும் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் துளைவழி, ரோபோ அறுவை செய்துகொண்டவர்களைவிட, திறந்த அறுவை செய்துகொண்டவர்கள் நீண்ட நாள் உயிர் வாழ்ந்தார்கள் என்று 2018ல் ஓர் ஆய்வு காட்டி அதிர்ச்சி தந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாக அமைப்பு, ரோபோவைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்துவதுபற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. புரோஸ்டேட்டைப் பொறுத்தவரை அப்படிப்பட்ட தீமை எதுவும் காணப்படவில்லை.

அறுவையே தேவையா?

ரோபோவா, திறந்த முறையா என்று குடும்பமே வாதிட்டுக்கொண்டிருக்கும்போது, அதற்கு முந்தைய கேள்வி மறந்துபோகிறது. புரோஸ்டேட் புற்றுநோய் பலருக்கு மிக மெதுவாக வளரும் நோய். திசுப் பரிசோதனையில் 'கிளீசன்' என்ற மதிப்பெண் தருவார்கள். 6 என்றால் சாதுவான வகை. 8, 9, 10 என்றால் மூர்க்கமானது. 7 இடைப்பட்டது, அதிலும் 3 கூட்டல் 4 என்பது 4 கூட்டல் 3ஐவிட மென்மையானது. அறிக்கையில் உள்ள இந்த எண்ணை நோயாளி கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பலர் 'புற்றுநோய்' என்ற சொல்லோடு காதை மூடிக்கொள்கிறார்கள்.

பிரிட்டனில் 1,643 ஆண்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவை, ஒரு பிரிவுக்குக் கதிரியக்கச் சிகிச்சை, மூன்றாம் பிரிவுக்குக் கண்காணிப்பு மட்டும் என்று வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் அனைவருக்கும் நோய் சுரப்பிக்குள் அடங்கியிருந்தது. பெரும்பாலோருக்கு அது மென்மையான அல்லது இடைப்பட்ட வகை. 15 ஆண்டுக்குப் பிந்திய முடிவுகள் 2023ல் வெளியாயின. மூன்று பிரிவிலும் சேர்த்து இந்த நோயால் இறந்தவர்கள் 45 பேர், அதாவது 2.7 விழுக்காடு. பிரிவுக்குப் பிரிவு குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அப்படியென்றால் சும்மா இருந்துவிடலாமா? அவசரப்படக் கூடாது. கண்காணிப்புப் பிரிவில் 9.4 விழுக்காட்டினருக்கு நோய் உடலின் வேறு இடங்களுக்குப் பரவியது. அறுவைப் பிரிவில் அது 4.7 விழுக்காடு. கண்காணிப்பில் தொடங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் காலப்போக்கில் அறுவையோ கதிரியக்கமோ செய்துகொண்டார்கள். இன்னொரு பக்கம், அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சிறுநீர்க் கசிவு மற்ற இரு பிரிவினரைவிடக் கூடுதலாக இருந்தது. 12 ஆண்டு கழித்தும் அவர்களில் 24 விழுக்காட்டினர் கசிவுக்காக உறிஞ்சு பட்டை அணிந்தார்கள். கதிரியக்கப் பிரிவில் அது 8 விழுக்காடுதான். கதிரியக்கத்துக்கோ வேறு தொல்லைகள். மலக்குடல் எரிச்சல், மலத்தில் ரத்தம் போன்றவை சிலருக்கு வரும்.

ஆகவே மதிப்பெண் 6 உள்ள, 70 வயதைத் தாண்டிய ஒருவர் கடன் வாங்கியாவது ரோபோ அறுவை செய்துகொள்ள வேண்டும் என்று துடிப்பது பெரும்பாலும் தேவையற்றது. 55 வயதில் மூர்க்கமான வகை நோய் வந்தவர், ஆண்மைக்கு அஞ்சி அறுவையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவது ஆபத்தானது. இரண்டு தவறுகளும் நம்மிடையே நடக்கின்றன.

கேட்கக் கூச்சப்படும் கேள்விகள்

அறுவைக்குப் பிறகு விந்து வெளிவராது. சுரப்பியோடு விந்துப் பைகளும் எடுக்கப்படுவதும் விந்துக் குழாய்கள் துண்டிக்கப்படுவதுமே காரணம். எவ்வளவு திறமையான மருத்துவர் செய்தாலும் இதில் மாற்றமில்லை. இன்ப உணர்வு இருக்கும். விந்து மட்டும் இருக்காது. இன்னும் குழந்தை வேண்டும் என்பவர் அறுவைக்கு முன்பே விந்தைச் சேமித்துவைப்பது பற்றிப் பேசிவிட வேண்டும்.

விறைப்பு வேறு விஷயம். நரம்புகளைக் காப்பாற்றினாலும் அவை அதிர்ச்சியிலிருந்து மீளச் சில மாதங்கள் முதல் இரண்டு ஆண்டுகள் வரை ஆகலாம். புற்றுநோய் நரம்பை ஒட்டியிருந்தால், அதைக் காப்பாற்றப் போய் நோயை உள்ளே விட்டுவைக்கக் கூடாது; மருத்துவர் அந்தப் பக்க நரம்பை எடுத்துவிடுவார். அறுவைக்கு முன் விறைப்பு எப்படி இருந்தது என்பதும் முக்கியம். சிங்கப்பூர், மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். பல ஆண்டு நீரிழிவால் நரம்பும் ரத்தக் குழாயும் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தால், ரோபோ அதைப் புதுப்பித்துத் தராது. மாத்திரை, ஊசி, வெற்றிடக் குழாய்க் கருவி என்று உதவிகள் இருக்கின்றன. கேட்டால்தான் கிடைக்கும்.

சிறுநீர்க் கசிவு ஏறக்குறைய எல்லாருக்கும் முதலில் இருக்கும். சிறுநீர் வெளியேற வைக்கும் மெல்லிய குழாயை ஒரு வாரம் அல்லது பத்து நாளில் எடுப்பார்கள். அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்து, இருமும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் கசிவதைக் கண்டு மனமுடைந்துபோகிறவர்கள் பலர். வாரங்கள், மாதங்கள் போகப் போக பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதற்கு எந்தத் தசையை இறுக்குகிறோமோ அதையே இறுக்கித் தளர்த்தும் இடுப்புத் தசைப் பயிற்சி பெரிதும் உதவும். அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. பலதுறை மருந்தகத்துக்குப் போகவும் ஜோகூர் பாலத்தில் பேருந்தில் காத்திருக்கவும் முதல் சில மாதங்கள் பட்டையும் மாற்றுக் கால்சட்டையும் கையில் இருக்கட்டும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

செலவையும் பேச வேண்டும். ரோபோ விலை உயர்ந்த இயந்திரம். அதன் கருவி ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட தடவைதான் பயன்படுத்தலாம். அதன்பின் இயந்திரமே அதை ஏற்காது. அந்தச் செலவு நோயாளியின் கட்டணத்தில்தான் சேரும். சிங்கப்பூரில் மெடிசேவ், காப்புறுதி ஆகியவற்றிலிருந்து எவ்வளவு கிடைக்கும், கைப்பணம் எவ்வளவு என்பதை மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மலேசியாவில் அரசாங்க மருத்துவமனைக்கும் தனியார் மருத்துவமனைக்கும் கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கும். ரோபோவுக்குப் பணம் போதாது என்பதால் சிகிச்சையே வேண்டாம் என்று ஒருவர் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. அனுபவமுள்ள கையால் செய்யப்படும் திறந்த அறுவையும் நோயை அகற்றும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மனைவியையும் அழைத்துச் செல்வது நல்லது. இருவர் காதில் விழுந்தால் ஒருவர் மறந்ததை இன்னொருவர் நினைவில் வைத்திருப்பார். அங்கே கேட்க வேண்டியவை அதிகமில்லை. என் கிளீசன் மதிப்பெண் என்ன? கண்காணிப்பும் கதிரியக்கமும் எனக்குப் பொருந்துமா? இந்த அறுவையை நீங்களே இதுவரை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? உங்கள் நோயாளிகளில் ஓராண்டு கழித்தும் பட்டை அணிபவர்கள் எத்தனை பேர்? நரம்பை இரு பக்கமும் காப்பாற்ற முடியுமா? நல்ல மருத்துவர் எவரும் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொண்டால் வேறொருவரிடம் இரண்டாவது கருத்தைக் கேட்பதில் தவறில்லை. நோய் சுரப்பிக்குள் அடங்கியிருக்கும் பெரும்பாலோருக்கு, முடிவெடுக்கச் சில வாரங்கள் எடுத்துக்கொள்வதால் எதுவும் கெட்டுவிடாது.

அறுவை முடிந்து ஆறு முதல் எட்டு வாரங்களில் பிஎஸ்ஏ மறுபடி சோதிக்கப்படும். சுரப்பியே இல்லாததால், கருவியால் கண்டறிய முடியாத அளவுக்கு அது இறங்கியிருக்க வேண்டும். அதன்பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் பார்ப்பார்கள். எண் மெல்ல ஏறத் தொடங்கினால் கதிரியக்கச் சிகிச்சை கொடுத்து நோயை மீண்டும் அடக்க வாய்ப்பு உண்டு. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்தச் சோதனையை மட்டும் தவறவிடக் கூடாது.